லட்சுமியின் தொலைக்காட்சி ஆண்டுகள் நம் வீட்டுப் பரணில் இருக்கின்றன

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் நடிகை லட்சுமியைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். அக்கறையோடு எழுதப்பட்ட கட்டுரை. ஆனால் அவருடைய சினிமாவுக்கு ஆறு பத்தி ஒதுக்கிய கட்டுரை, தொலைக்காட்சியை ‘சின்னத்திரையிலும் முத்திரை பதித்தார்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. எழுதியவரைக் குறை சொல்வதற்கில்லை. படங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ், பாட்டுப் புத்தகம், விளம்பரம், விமர்சனம் என்று எத்தனையோ ஆதாரங்கள் உண்டு. தொலைக்காட்சிக்கு அப்படி எதுவும் இல்லை. ஒளிபரப்பான அன்று பார்த்தவர்களின் நினைவும், யாராவது வீட்டில் பதிந்து வைத்த கேசட்டும்தான் மிச்சம். அந்தக் கேசட்டுகள் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வீடுகளில் இன்னும் இருக்கின்றன, நாளுக்கு நாள் குறைந்தும் வருகின்றன. அதனால்தான் இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது.

லட்சுமியை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகப் புரியும். 1968 என்ற ஒரே ஆண்டில் தமிழில் ‘ஜீவனாம்சம்’, தெலுங்கில் ‘பாந்தவ்யாலு’, கன்னடத்தில் ‘கோவாதல்லி சி.ஐ.டி. 999’ என்று மூன்று மொழிகளில் அறிமுகமானவர். 1974இல் மலையாளத்தில் ‘சட்டக்காரி’. அதே கதையை அதே இயக்குநர் சேதுமாதவன் 1975இல் இந்தியில் ‘ஜூலி’யாக எடுத்தபோதும் அவரே நாயகி. 1980இல் ‘மழலைப் பட்டாளம்’ படத்தை இயக்கினார். அதைக் கன்னடத்திலும் எடுத்தார். 1986இல் ‘சம்சாரம் அது மின்சாரம்’. 1990களின் இறுதியில் ‘ஜீன்ஸ்’, ‘படையப்பா’ என்று பாட்டியாகவும் தாயாகவும் வந்தார். 2012இல் ‘மிதுனம்’ என்ற தெலுங்குப் படத்தை அவரும் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் இருவராகவே தாங்கினார்கள். 2019இல் ‘ஓ பேபி’. ஐம்பது ஆண்டுகளைத் தாண்டிய இந்த நடைக்கு நடுவில்தான் விஜய் டிவியில் அவர் தொகுத்து வழங்கிய ‘கதையல்ல நிஜம்’ வருகிறது. அதில் அவருக்கு எழுதிக்கொடுத்த வசனம் இல்லை, ஒப்பனைப் பாத்திரம் இல்லை. எதிரில் அமர்ந்தவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டு, அடுத்த கேள்வியை அங்கேயே பிடிக்க வேண்டிய வேலை. ஒரு நடிகை கேட்கும்போது முகம் எப்படி இருக்கிறது என்பதைப் படிக்க அதைவிடச் சிறந்த பாடம் கிடையாது. சினிமாவில் அவருடைய நெருக்கக் காட்சி சில விநாடிகளில் வெட்டுப்பட்டுவிடும். இங்கே அது நிமிடக்கணக்கில் ஓடுகிறது.

அந்தக் குடும்பத்தின் கதையே நமக்கு எச்சரிக்கை. அவருடைய தந்தை ஒய்.வி.ராவ் 1934இல் ‘சதி சுலோசனா’வை இயக்கியவர். கன்னடத்தின் முதல் பேசும் படம் அதுதான். கோலாப்பூரில் எடுத்து பெங்களூரில் திரையிட்டார்கள். இன்று அதன் ஒரு பிரதிகூட இல்லை. ஒரு மொழியின் முதல் பேசும் படம் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. தாயார் குமாரி ருக்மணி 1945இன் ‘ஸ்ரீவள்ளி’யில் நாயகி. தந்தையின் படம் போனது போல மகளின் தொலைக்காட்சி ஆண்டுகளும் போய்விடக் கூடாது.

இந்த மாவட்டத்தார் இதில் ஏன் முன்நிற்க வேண்டும் என்று கேட்கலாம். 1974இல் வந்த ‘திக்கற்ற பார்வதி’ லட்சுமியின் நடிப்புக்கு ஓர் உரைகல். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அந்தப் படம் ராஜாஜி எழுதிய கதை. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. குடி ஒரு குடும்பத்தை எப்படித் தின்கிறது என்பதுதான் கதை. 1937இல் ராஜாஜி அரசு மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் ஜில்லாவில். இன்றைய தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அந்த ஜில்லாவுக்குள் அடக்கம். இந்தத் தொடர்பை அறிந்த வாசகர்கள் இங்கேதான் அதிகம்.

ஆண்டுக் குழப்பத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறோம். தங்கள் கட்டுரையில் தேசிய விருது ஓரிடத்தில் 1976 என்றும், வேறோர் இடத்தில் 1977 என்றும் வந்திருந்தது. இரண்டுமே தவறில்லை. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்கு அவர் பெற்றது 1976ஆம் ஆண்டுக்கான விருது. படம் திரைக்கு வந்ததோ 1977இல். ‘திக்கற்ற பார்வதி’யும் அப்படித்தான்: 1973க்கான விருது, 1974இல் வெளியீடு. விருதுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேதிதான் கணக்கு, வெளியீட்டுத் தேதி அல்ல. நடிகர் வரலாறு எழுதுகிறவர்கள் படத்துக்குப் பக்கத்தில் சான்றிதழ் ஆண்டு, வெளியீட்டு ஆண்டு என்று இரண்டையும் எழுதினால் பாதிச் சண்டை தீரும்.

இனி கேசட்டுக்கு வருவோம். ஊர்ப்பக்கம் ‘டெக்’ என்று சொல்லும் வீடியோ இயந்திரத்தில் ஓடும் விஎச்எஸ் கேசட்டைத்தான் சொல்கிறோம். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சன் டிவி 1993 ஏப்ரல் 14. 2000களின் தொடக்க ஆண்டுகளிலும் வீடுகளில் பதிவு செய்ய டெக்கைத்தான் நம்பினார்கள். உள்ளே இருப்பது அரை அங்குல அகல நாடா. மூன்று மணி நேரக் கேசட்டில், அதாவது மேலே ஈ-180 என்று போட்டதில், சுமார் 258 மீட்டர் நாடா சுற்றியிருக்கும். ஈ-240இல் நாடா இன்னும் மெல்லியது. அதனால் எளிதில் மடங்கும், சிக்கும். பிளாஸ்டிக் நாடாவின் மேல் காந்தத் துகளைப் பசையோடு பூசியிருக்கிறார்கள். ஈரம் ஏறினால் முதலில் கெடுவது அந்தப் பசைதான். துகள் உதிர்ந்த இடத்தில் படம் வெள்ளைக் கோடாகத் தெறிக்கும். உதிர்ந்ததை மீட்க எந்த மந்திரமும் இல்லை.

பரணிலிருந்து எடுத்த கேசட்டை உடனே டெக்கில் போட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பெரிய தவறு. முதலில் பகல் வெளிச்சத்தில் கேசட்டின் சிறு கண்ணாடி வழியாக நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாக, மழமழவென்று இருந்தால் நல்லது. வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ பொடி தூவினாற்போல், நூல் நூலாகத் தெரிந்தால் பூசணம் பிடித்துவிட்டது. அதை ஓட்டவே கூடாது. ஒரு பூசணக் கேசட் டெக்குக்குள் போனால் வித்துகள் உள்ளே சுழலும் டிரம்மிலும் உருளைகளிலும் ஒட்டும், அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். பூசணம் பிடித்ததைத் தனியாகக் காகிதப் பையில் போட்டு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். பத்துக் கேசட் கொள்ளும் டப்பாவுக்கு 100 கிராம் போதும். நீலமணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் கையாள வேண்டும். வெயிலில் காயப்போடுவது, முடி உலர்த்தும் கருவியைக் காட்டுவது இரண்டும் கூடாது. சூட்டில் நாடா நீண்டு சுருளும், அதன் பிறகு படம் நிமிராது.

பூசணம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. கிருஷ்ணகிரி, போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கம் பழைய சாமான்களை மாம்பழப் பெட்டியில் போட்டு வைப்பது வழக்கம். பெட்டி வலுவானது, சும்மாவும் கிடைக்கும். ஆனால் அதில் வைக்கோல் துணுக்கும் பழச்சாற்றுக் கறையும் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வைக்கோல் ஈரத்தை உறிஞ்சிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பூச்சிக்குப் போடும் நாப்தலீன் உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி பிளாஸ்டிக்கோடு ஒத்துப்போகாது. கிரானைட் பட்டறைகளுக்குப் பக்கத்து வீடுகளில் தொல்லை வேறு. அங்கே கல்தூசி நாடாவுக்கும், அதைப் படிக்கும் முனையான ஹெட்டுக்கும் நடுவில் உப்புத்தாள் போலத் தேய்க்கும். அப்படிப்பட்ட கேசட்டைத் திறக்கும் முன் மெல்லிய தூரிகையால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு, மூடியைத் தூக்கி உள்ளே மண் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பூசணம் இல்லை என்று உறுதியான கேசட்டின் முதுகில், இடப்பக்க ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் பல் இருக்கும். அது இருந்தால் கேசட்டில் மறுபடி பதிய முடியும், உடைத்துவிட்டால் முடியாது. எதையும் செய்யும் முன் அந்தப் பல்லை உடையுங்கள். யாரோ தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தி லட்சுமி பேசிய அரை மணி நேரத்தின் மேல் வெற்றுப் பனித்திரை ஏறிய கேசட்டுகள் ஏராளம். பிறகு, பல ஆண்டுகள் ஓடாத கேசட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை வேகமாக ஓட்டி, திரும்பச் சுற்ற வேண்டும். ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் அப்போதுதான் பிரியும், இழுவிசையும் சீராகும். ஓட்டும்போது கிறீச்சென்ற சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். பசை கசிந்த நாடா அப்படித்தான் கத்தும்.

டெக் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. பழைய மின்சாதனம் பழுது பார்க்கும் கடைகளிலும், கல்யாண வீடியோ எடுத்த ஸ்டுடியோக்களிலும் இன்னும் இருக்கிறது. வாங்கியதும் அரிய கேசட்டைப் போடாமல், போனால் போகட்டும் என்ற ஒரு கேசட்டை முழுதாக ஓட்டிப் பாருங்கள். ரப்பர் பெல்ட் நெகிழ்ந்த டெக் நாடாவை வெளியே இழுத்துவிட்டு, திரும்பச் சுற்ற முடியாமல் மென்றுவிடும். பழைய டெக்குகளில் மிக அதிகமாக வரும் கோளாறு இதுதான். பெல்ட்டையும் நாடாவை அழுத்தும் ரப்பர் உருளையையும் மாற்றினாலே பெரும்பாலானவை உயிர் பெறும்.

ஹெட் சுத்தம் செய்வதில் கை பதறக் கூடாது. டெக்குக்குள் சாய்வாக இருக்கும் பளபளப்பான டிரம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். அதன் விளிம்பில் கடுகளவுகூட இல்லாத ஹெட் நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நூல் பிரியாத மென்தோலில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு சொட்டு விட்டு, அதை டிரம்மின் பக்கவாட்டில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுகையால் டிரம்மை மேலிருந்து மெதுவாகச் சுற்ற வேண்டும். மென்தோல் அசையக் கூடாது, டிரம்தான் சுற்ற வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் நுனி ஒடிந்துவிடும், டெக்கின் கதை அதோடு முடியும். காது குடையும் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், நூல் மாட்டிக்கொள்ளும். கை கழுவும் சானிடைசரில் தண்ணீரும் வாசனைப் பொருளும் உண்டு, அதுவும் உதவாது. துடைத்த பிறகு பத்து நிமிடம் காயவிட்டுத்தான் கேசட் போட வேண்டும்.

அறுந்த நாடாவை ஒட்ட செல்லோடேப் பயன்படுத்துகிறார்கள். அதன் பசை சில மாதங்களில் கசிந்து ஹெட்டில் ஏறும். இதற்கென்றே ஒட்டுநாடா உண்டு. கிடைக்காவிட்டால் கசங்கிய பகுதியை அளவோடு வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு துண்டையும் இரண்டு காலிக் கேசட் கூட்டில் தனித்தனியாகப் பூட்டுவது மேல். சில விநாடிதான் போகும்.

கணினிக்கு மாற்றும்போது மஞ்சள் கம்பி படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. டெக்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி பிடிப்பான் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும், முதலில் நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான ‘பால்’ (PAL) தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க முறையில் வைத்தால் படம் கறுப்பு வெள்ளையாகும் அல்லது உருளும், கேசட் கெட்டுவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அளவு 720க்கு 576, விநாடிக்கு 25 சட்டம் (ஃப்ரேம்). ‘கோடு நீக்கு’ (டீஇன்டர்லேஸ்) என்ற வசதியை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள். மூலப் பதிவு மூலமாகவே இருக்கட்டும், பார்ப்பதற்கான நகலில் பிறகு செய்துகொள்ளலாம். ஆங்கிலத்தில் DV எனப்படும் கோப்பு வடிவத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி ஆகும். மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 39 ஜிபி. இடம் இல்லையென்று இரண்டு ஜிபிக்குள் அடைத்தால் முகத்தின் நுண்ணசைவுகள் கட்டம் கட்டமாகக் கரைந்துவிடும். லட்சுமியிடம் நாம் பார்க்க வேண்டியதே அந்த அசைவுகளைத்தான்.

படம் நடுவில் கிழிந்து ஒரு பட்டை நடுங்கினால் டெக்கில் இருக்கும் ‘டிராக்கிங்’ குமிழை மெல்லத் திருப்புங்கள். அடியில் நான்கைந்து கோடு எப்போதும் நடுங்கும். அது குறையல்ல, விஎச்எஸ்ஸின் இயல்பு. பதிவின்போது மடிக்கணினி தூங்கிவிடாமல் அமைப்பை மாற்றுங்கள், வேறு எதையும் திறக்காதீர்கள். சட்டங்கள் தவறினால் ஒரு மணி நேரம் கழித்து உதடும் குரலும் பிரிந்துவிடும். தர்மபுரி, பென்னாகரம், அரூர்ப் பக்கம் மின்னழுத்தம் ஏறி இறங்கும் வீடுகளில் டெக்கை ஸ்டெபிலைசரில் மாட்டுவது கட்டாயம். இழுவிசை மாறினால் படம் மேலே வளையும். முடிந்ததும் தொடக்கம், நடு, இறுதி என்று மூன்று இடங்களில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேசட்டுக்குப் போக வேண்டும். குறைந்தது இரண்டு நகல் வேண்டும், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. டிவிடியை நம்ப வேண்டாம். வீட்டில் எழுதிய வட்டு சில ஆண்டுகளில் படிக்க மறுக்கும்.

விளம்பரங்களை வெட்டாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். கேசட்டில் தேதி எழுதியவர்கள் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அந்த நிகழ்ச்சி எந்த மாதம், எந்த ஆண்டு என்று நமக்குச் சொல்வது நடுவில் வரும் விளம்பரமும், பொங்கல் சிறப்புத் திரைப்பட அறிவிப்பும், கீழே ஓடும் செய்தி வரியும்தான். நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்திவிடவும் கூடாது. ஒரே கேசட்டில் திரும்பத் திரும்பப் பதிந்திருப்பார்கள். மேலே எழுதியிருப்பது கடைசிப் பதிவின் பெயர். அது முடியும் இடத்தில், அதற்கு முன் பதிந்ததன் வால் பத்து நிமிடமோ இருபது நிமிடமோ மிஞ்சியிருக்கும். ‘தங்கை கல்யாணம்’ என்று எழுதிய கேசட்டின் வாலில் அரிய பேட்டி இருக்கலாம். நாடா தீரும்வரை ஓடட்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை வாசகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர்கள் அவை. ஆன்டெனாவைப் பெங்களூர் பக்கம் திருப்பி வைத்த வீடுகளில் கன்னட ஒளிபரப்பின் பதிவுகள் இருக்க வாய்ப்பு அதிகம். பல மொழி நடிகையின் வேலையைத் தொகுக்கச் சென்னையைவிட அந்தத் தெருக்கள் உதவும். மொழி புரியவில்லை என்று அந்தக் கேசட்டுகளை ஒதுக்காதீர்கள்.

கதை வசன ஒலிக்கேசட்டுகளையும் மறக்க வேண்டாம். கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் முழுப் படத்தின் வசனமும் ஒலித்த காலம் அது. ஒரு நடிகையின் குரலைத் தனியாகக் கேட்டு ஆராய அவைதான் வழி. எந்த மொழியில் அவர் சொந்தக் குரல், எதில் இரவல் குரல் என்பதைப் பல மொழிக் கேசட்டுகளை அடுத்தடுத்துக் கேட்டுத்தான் உறுதி செய்ய முடியும். ஒலிக்கேசட்டில் பெரும்பாலும் போவது, நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சுத் திண்டு. அது உதிர்ந்தால் ஒலி மங்கி, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். வேறு கேசட்டின் திண்டை எடுத்து ஒட்டினால் சரியாகும். திருகாணி போட்ட கூடு என்றால் திறப்பது எளிது, ஒட்டிய கூட்டை விளிம்பில் கத்தி கொடுத்துப் பிரிக்க வேண்டும். கணினியில் 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்தால் ஒரு மணி நேர ஸ்டீரியோ ஒலிக்கு ஏறத்தாழ ஒரு ஜிபி ஆகும்.

பாட்டுப் புத்தகங்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கதைச் சுருக்கத்தின் கடைசியில் ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடியும் அந்த மெல்லிய புத்தகங்களில்தான் துணை நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் பெயர்கள் முழுமையாகக் கிடைக்கும். லேமினேஷன் மட்டும் செய்யாதீர்கள். மலிவுத் தாளின் அமிலம் உள்ளேயே அடைபட்டு எரிக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. துருவேறிய கம்பியை நகத்தால் மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் கட்டலாம். வாடகை நூல்நிலையத்தின் முத்திரையோ கடை முத்திரையோ இருந்தால் அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள். நம் பகுதிக் கடையின் முத்திரையில் ‘சேலம் ஜில்லா’ என்றிருந்தால் 1965 அக்டோபருக்கு முந்தைய முத்திரை. கிருஷ்ணகிரிக் கடையின் முத்திரையில் ‘தர்மபுரி மாவட்டம்’ என்றிருந்தால் 2004 பிப்ரவரிக்கு முந்தையது. தேதி இல்லாத பொருளுக்கு இதுவே தேதி.

மூடிய திரையரங்கிலோ பழைய கொட்டகை முதலாளி வீட்டிலோ 35 மில்லிமீட்டர் படச்சுருள் டப்பா கிடைத்தால் ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். 1000 அடிச் சுருள் பதினோரு நிமிடம் ஓடும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 13,500 அடி. அதனால் ஒன்றிரண்டு டப்பா கிடைத்தாலே படம் கிடைத்துவிட்டது என்று பொருளல்ல. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 1950களின் தொடக்கத்துக்கு முந்தைய சுருளில் அது இல்லையென்றால் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் சுருளாக இருக்கலாம். நைட்ரேட் தண்ணீருக்குள்ளும் எரியும். வீட்டில் வைக்கவே கூடாது. டப்பாவைத் திறந்ததும் காடி வாசனை அடித்தால் சுருளின் அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது, அந்த ஆவி பக்கத்துச் சுருளையும் கெடுக்கும், பிரித்து வையுங்கள். வண்ணப் பிரதி இளஞ்சிவப்பாக வெளுத்திருந்தாலும் எறியாதீர்கள், கணினியில் ஓரளவு மீட்கலாம். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ போன்ற கறுப்பு வெள்ளைப் படங்களில் இருப்பது வெள்ளி, சாயம் அல்ல. அவை வண்ணப் பிரதிகளைவிடத் தாக்குப்பிடிக்கும். இவற்றை ஒப்படைக்க வேண்டிய இடம், 1964 முதல் புனேயில் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம்.

மாற்றிய பதிவை உடனே யூடியூபில் ஏற்றுவது தவறு என்பதையும் சொல்லியாக வேண்டும். திரைப்படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். ஒளிபரப்புக்கு 25 ஆண்டுகள், நிகழ்த்துக் கலைஞருக்கு 50 ஆண்டுகள். உரிமையை விட முக்கியமானது வேறு. ‘கதையல்ல நிஜம்’ போன்ற நிகழ்ச்சிகளில் எதிரில் அமர்ந்தவர்கள் சாதாரண மக்கள். தங்கள் குடும்பத் துயரத்தை ஒருநாள் கேமரா முன் சொன்னவர்கள். இருபது ஆண்டு கழித்து அவர்கள் பேரன் பேத்தியின் கைபேசியில் அது வந்து விழ வேண்டுமா? நடிகையின் வேலையைக் காப்பது ஒன்று, அந்த மக்களை மறுபடி ஊர்முன் நிறுத்துவது வேறு. ஆய்வாளர் நேரில் வந்து பார்க்கும்படி நூலகத்தில் இருந்தால் போதும். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், லாபநோக்கம் இல்லாத பொது நூலகம் தன்னிடம் உள்ள பழைய வடிவப் பிரதியைப் பாதுகாப்புக்காகக் கணினியில் சேமிக்க இடம் தருகிறது. அதனால் கேசட்டையும் சேர்த்தே நூலகத்துக்குக் கொடுக்க வேண்டும், கோப்பை மட்டும் கொடுத்தால் அந்தச் சலுகை பொருந்தாது.

ஆகவே தங்களிடமும், தங்கள் வழியாக மாவட்ட நிர்வாகத்திடமும் கேட்பது பெரியதல்ல. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மைய நூலகங்களில் ஆளுக்கொரு மேசை. அதில் பழுது பார்த்த டெக் இரண்டு, ஏனென்றால் ஒன்று எப்போதும் பழுதில் இருக்கும். ஓர் ஒலிக்கேசட் கருவி, பிடிப்பான் இணைந்த கணினி, நான்கு டெராபைட் வன்தட்டு இரண்டு. ஒரு தட்டில் மூன்று மணி நேரக் கேசட் சுமார் 100 அடங்கும். ஒரு கேசட்டைச் சோதித்து, ஓட்டி, சரிபார்க்க அரை நாள் ஆகும். ஒரு நாளுக்கு இரண்டு என்று வைத்தால் ஐம்பது வேலை நாளில் ஒரு தட்டு நிரம்பும். சொந்தமாகக் கேசட் கடை நடத்தியவர்களும், கல்யாண வீடியோ எடுத்தவர்களும், கேபிள் நடத்தியவர்களும் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். கூப்பிட்டால் கற்றுக்கொடுக்க வருவார்கள்.

அதுவரை, ஐப்பசி மழை பிடிக்கும் முன், தங்கள் மாவட்டப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி வெளியிட வேண்டுகிறோம். கேசட்டை மாம்பழப் பெட்டியிலிருந்து எடுத்து, புத்தகம்போல் நிமிர்த்தி, நாடா முழுவதும் சுற்றிய பக்கம் கீழே வரும்படி, ஒலிபெருக்கிக்கும் ஸ்டெபிலைசருக்கும் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பதிவுப் பல்லை உடைக்கச் சொல்லுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் நினைவில் இருக்கும் வரை சேனல், கிழமை, யார் பதிந்தது, எந்த ஊர் என்று பென்சிலால் எழுதிக் கூட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். பதிந்தவர் இருக்கும்போதே அவரைக் கேட்டு எழுதிவிட வேண்டும்.

இப்படிக்கு,
பழைய திரை, ஒலிப் பதிவுகளைப் பராமரிக்கும் வாசகர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி.